எதை வைப்பது, எதை விடுவது: பாடப்பொருள் தேர்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் முதன்முதலில் தயாரித்த ஏழாம் வகுப்பு அறிவியல் பட்டியலில் 16 அலகுகள் இருந்தன. நான்கு ஆசிரியர்கள், இரண்டு சனிக்கிழமைகள், ஏகப்பட்ட டீ. யார் எதைச் சொன்னாலும் "அதுவும் முக்கியம்தானே" என்று சேர்த்துக்கொண்டே போனோம். பொங்கல் விடுமுறைக்குப் பள்ளி மூடியபோது ஒன்பதாவது அலகில் நின்றிருந்தோம். மீதி ஏழையும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஓட்டு ஓட்டென்று ஓட்டி போர்ஷனை முடித்தோம். முடித்தது நாங்கள் மட்டும்தான். பிள்ளைகள் ஒன்பதாவதிலேயே நின்றுவிட்டார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தில் முதல் தடவையாக உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஒரு சின்ன மாற்றுப்பள்ளியில் சேர்ந்திருக்கலாம். கோடை முகாமுக்கோ, பின்தங்கிய பிள்ளைகளுக்கான இணைப்புப் பயிற்சிக்கோ பாடம் வகுக்கச் சொல்லியிருக்கலாம். அரசுப் பள்ளியில் இருப்பவர்கள், "பட்டியலை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் போட்டுவிடுகிறது, எனக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். பட்டியல் மாறாது, சரி. ஆனால் எந்தப் பாடத்துக்கு 4 பாடவேளை, எதற்கு 14, எந்த உதாரணத்தோடு தொடங்குவது என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதுவும் தேர்வுதான்.

சொல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். விளையாட்டு, நூலகம், காலை வணக்கக் கூட்டம் உட்பட, பள்ளி ஒரு குழந்தைக்குத் தர நினைக்கிற அத்தனையும் சேர்ந்தது கலைத்திட்டம். எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் என்ன என்ற பட்டியல் பாடத்திட்டம். நம் வாயில் சிலபஸ். அந்தப் பட்டியலுக்குள் வரும் கருத்து, தகவல், திறன், உதாரணம், இவைதான் பாடப்பொருள். பாடநூல் அதை ஏற்றிவரும் வண்டி. புதியவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பாடநூலைத் திறந்து அதன் பொருளடக்கத்தைப் பார்த்து எழுத ஆரம்பிப்பார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். வண்டியைப் பார்த்துச் சரக்கை முடிவுசெய்கிற வேலை அது.

நாட்களை எண்ணுங்கள்

ஒரு தலைப்பைக்கூட எழுதுவதற்கு முன்னால் காலண்டரை எடுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்றும், 6 முதல் 8 வரை 220 நாட்கள், 1,000 மணி நேரம் என்றும் சொல்கிறது. இது குறைந்தபட்ச அளவு. காகிதத்தில் தாராளமாகத்தான் தெரியும்.

இப்போது கழியுங்கள். 220 நாள் என்றால் வாரத்துக்கு 5 நாள் கணக்கில் 44 வாரம். அறிவியலுக்கு வாரம் 6 பாடவேளை என்று வைத்துக்கொண்டால் 264. பருவத் தேர்வுகளும் அவற்றுக்கு முந்தைய திருப்புதலும் எங்கள் பள்ளியில் 45 பாடவேளை தின்றன. விளையாட்டு விழா, ஆண்டு விழா, சுதந்திர தின ஒத்திகை இவற்றுக்கு 20. பயிற்சிக்குப் போன நாள், மழை விடுமுறை, எதிர்பாராத லீவு என்று இன்னொரு 25. மீதி 174. அதிலும் ஆறில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளைக்கும், இரண்டாம் தடவை சொல்ல வேண்டிய கருத்துக்கும் அது போகும். கடைசியில் கையில் நிற்பது 145.

ஓர் அலகை உருப்படியாக நடத்த 14 பாடவேளை வேண்டும் என்றால் பத்து அலகு. பதினாறு எங்கே, பத்து எங்கே! உங்கள் பள்ளியின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்தக் கழித்தலை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டால் கூட்டத்தின் பேச்சே மாறிவிடும். "இதையும் சேர்க்கலாமே" என்று ஒருவர் சொன்னால், "எதை எடுத்துவிட்டு?" என்று கரும்பலகையைக் காட்டிக் கேட்கலாம்.

வடகிழக்குப் பருவமழை பெய்கிற மாவட்டங்களில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் இரண்டாம் பருவம் ஓட்டைப் பருவம். கடலூர், நாகப்பட்டினம், சென்னைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடைவிடாமல் தொடர்ந்து நடத்தியே ஆக வேண்டிய கனமான அலகை அங்கே வைக்காதீர்கள்.

பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்

தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் 2018இல் வந்தபோது முதலில் 1, 6, 9, 11 ஆகிய நான்கு வகுப்புகளுக்கு வந்தன. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, பழைய எட்டாம் வகுப்பைப் படித்துவிட்டு வந்தவள். புதிய ஒன்பதோ புதிய எட்டை முடித்தவளுக்காக எழுதப்பட்டது. அந்த எட்டாம் வகுப்பு நூல் அப்போது வரவே இல்லை. நடுவில் விழுந்த பள்ளத்தை ஆசிரியர்கள்தான் சொந்த நோட்ஸ் போட்டு நிரப்பினார்கள். மாநில அளவில் நடந்த இது சின்ன அளவில் எல்லாப் பள்ளியிலும் ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிறது. போன வருடத்துப் பாடத்திட்டத்தில் இருந்தது என்பதும் பிள்ளைக்குத் தெரியும் என்பதும் ஒன்றல்ல.

இதற்குப் பெரிய தேர்வெல்லாம் வேண்டாம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "நம்ம ஊரில் பெய்கிற மழைத்தண்ணீர் எங்கே போகுதுன்னு வரைங்க" என்று சொன்னேன். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஊர் அது. பாதிப் பேர் புத்தகத்தில் இருக்கும் நீர்ச்சுழற்சிப் படத்தை அப்படியே வரைந்தார்கள்: மலை, மேகம், கடல், அம்புக்குறி. எங்கள் ஊரில் மலையும் கிடையாது, கடலும் கிடையாது. நான்கைந்து பேர் மட்டும் ஏரியை வரைந்திருந்தார்கள். அதில் ஒருவன் மதகையும், மிகைநீர் வழிந்தோடும் கலங்கலையும் சரியான இடத்தில் போட்டிருந்தான். தேர்வுகளில் எப்போதும் கடைசியில் வருகிறவன். அவன் அப்பாவுக்கு மீன்பிடி ஏலத்தில் வேலை.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் எங்கள் அடுத்த பட்டியலை ஆரம்பித்தோம்.

தலைப்பை விட்டுக் கேள்வியைப் பிடியுங்கள்

'நீர்' என்று தலைப்பு போட்டால் அதற்குள் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம். நீரின் மூன்று நிலைகள், நீர்ச்சுழற்சி, கடின நீர், மென்னீர், நீர்மாசு, நீர்வழி நோய்கள், நீர் சேமிப்பு உறுதிமொழி. எதையும் தடுக்கிற வேலி அங்கே இல்லை. கேள்வியாக எழுதினால் வேலி தானாக வரும். நாங்கள் எழுதியது: "நம் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எங்கே போகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள்?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல என்னென்ன தெரிய வேண்டும் என்று பாருங்கள். 'எவ்வளவு' என்றதுமே கணக்கு வந்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக 1 லிட்டர். பள்ளி மைதானம் 50 மீட்டருக்கு 40 மீட்டர் என்றால் 2,000 சதுர மீட்டர். ஒரே இரவில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி ஐந்து. இதைப் பிள்ளைகளே போட்டுக் கண்டுபிடித்தபோது "நம்ம கிரவுண்ட்லயா சார்?" என்று ஒருத்தி எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். 'எங்கே போகிறது' என்பதற்குள் ஆவியாதல், மண்ணுக்குள் இறங்குதல், மதகு வழியே வயலுக்குப் போதல், மிகைநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு வழிதல் எல்லாம் அடங்கும். கரையின் அடிப்பகுதி ஏன் அவ்வளவு அகலம் என்று கேட்டால் நீரழுத்தம் வருகிறது. 'யார் முடிவு செய்கிறார்கள்' என்றதும் வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டியார், பாசன சங்கம், நீர்வளத்துறை என்று குடிமையியல் வந்துவிடுகிறது.

கடின நீரும் மென்னீரும் இந்தக் கேள்விக்குள் வரவில்லை. அதனால் வெளியே போயின. வேதியியல் ஆசிரியருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கேள்வியை எழுதிய கையோடு, அலகு முடியும்போது பிள்ளை என்ன செய்து காட்ட வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். அதிகாரபூர்வப் பெயர் கற்றல் விளைவு. வினைச்சொல்லில் கவனம் வேண்டும். 'அறிந்துகொள்வர்', 'உணர்வர்', 'போற்றுவர்' என்று எழுதினால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. 'அளப்பர்', 'வரைவர்', 'ஒப்பிட்டுக் காரணம் சொல்வர்' என்று எழுதினால் முடியும்.

சலித்தல்

கேள்விக்குள் அடங்கிவிட்டது என்பதால் மட்டும் ஒன்று உள்ளே வந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் சில கேள்விகள் போட்டுச் சலிக்க வேண்டும். எதை எப்படிச் சலித்தோம் என்று உதாரணத்தோடே சொல்கிறேன்.

எத்தனை நாளைக்குச் செல்லும் என்பது ஒரு கேள்வி. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32. 2020 முடியும்போது 38. 32 பெயர்களையும் தலைநகரங்களையும் வரிசையாக மனப்பாடம் செய்த பிள்ளைகளின் உழைப்பு இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிட்டது. வரைபடத்தில் ஒரு மாவட்டத்தைத் தேடி, எல்லைகளைப் பார்த்து, அளவுகோலை வைத்துத் தூரம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தகவலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை; தன் மாவட்டத்தின் பெயர்கூடத் தெரியாமல் வரைபடத்தை எங்கே போய்ப் படிப்பது? எது சீக்கிரம் பழசாகுமோ அதற்குக் குறைவான நேரம், அவ்வளவுதான்.

முழு உண்மையா என்பது அடுத்தது. ஏரி அலகில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சேர்த்தோம். முதலாம் பராந்தகன் காலத்தது, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. ஏரியைக் கவனிப்பதற்கென்றே 'ஏரி வாரியம்' என ஒரு குழு, அதற்குக் குடவோலையில் ஆள் எடுப்பது என்று அருமையான செய்தி. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம் வேறு. "ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி இருந்தது" என்ற வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். பலரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் அதே கல்வெட்டு, வேட்பாளருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. அது ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. "அப்போ எங்க தாத்தாவோட தாத்தாவெல்லாம் நிக்க முடியாதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்வி வகுப்பில் வரவிடுகிற துணிச்சல் இல்லையென்றால் குடவோலையைச் சேர்க்காமலே விட்டுவிடலாம். பாதியை மட்டும் சொல்வதற்கு அதுவே மேல்.

இந்த மண்ணுக்கு ஒட்டுகிறதா? ஆண்டுக்கு நான்கு பருவம்: வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று படம் போட்ட அட்டை இன்னும் எத்தனையோ மழலையர் வகுப்புகளில் தொங்குகிறது. ஆரஞ்சு நிற இலைகள், பனிமனிதன். வெளியே ஐப்பசி அடைமழை கொட்டும். அட்டையில் மழைக்காலமே இருக்காது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்து வைத்த மொழியில் இது நடக்கிறது.

ஆனால் இதிலேயே நான் சறுக்கியும் இருக்கிறேன். உள்ளூர், உள்ளூர் என்று ஆசைப்பட்டு ஒரு வருடம் எரிமலையைத் தூக்கிவிட்டேன், "நம்ம ஊரில் ஏது எரிமலை?" என்று. அந்த வருடம் நூலகத்தில் அதிகம் கிழிந்த புத்தகம் எரிமலைப் படங்கள் போட்டதுதான். பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தன் ஊர் தெரிந்தால் போதாது. தான் பார்க்கவே வாய்ப்பில்லாததைப் பற்றியும் அதற்குத் தீராத பசி இருக்கிறது. அடுத்த வருடம் எரிமலை திரும்ப வந்தது. ஆர்வமும் ஒரு தகுதிதான், ஆசிரியர்கள் அதை லேசாக எடுத்துக்கொள்கிறோம்.

யாருடைய வீடு இது? "உங்கள் வீட்டுத் தோட்டத்தில் உள்ள ஐந்து செடிகளை எழுதுக" என்று ஒரு செயல்பாடு. ஒற்றை அறை லைன் வீட்டில் இருக்கிற பிள்ளை எதை எழுதும்? "தாத்தா பாட்டியிடம் கேட்டுக் குடும்ப மரம் வரைக" என்றால், விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை? அம்மா சமைக்கிறார், அப்பா செய்தித்தாள் படிக்கிறார் என்ற படம் இப்போது பாடநூல்களில் குறைந்திருக்கிறது. நாம் கையால் எழுதும் பயிற்சித்தாள்களில் இன்னும் நுழைந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு செயல்பாட்டையும் வகுப்பிலேயே வசதி குறைந்த பிள்ளை ஒருத்தியை மனதில் வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். தெர்மாகோல், சார்ட், கலர் பிரிண்ட் என்று முப்பது ரூபாய் செலவு வைக்கிற 'புராஜெக்ட்'டுக்கும் இது பொருந்தும்.

புதுச் சொற்களின் எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். அடர்த்தி, அழுத்தம், பரப்பு, விசை, அலகு என்று ஒரே பாடவேளையில் ஐந்து கலைச்சொல் இறங்கினால் அது அறிவியல் வகுப்பாக இருக்காது, அகராதி வகுப்பாக இருக்கும். மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் பழக்கம்.

செய்து பார்க்காததைச் சேர்க்காதீர்கள்

இது எனக்குக் கிடைத்த பெரிய அடி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆழம் கூடக் கூட நீரழுத்தம் கூடும் என்பதைக் காட்ட ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று துளை போட்டு நீர் நிரப்ப வேண்டும். கீழ்த்துளை நீர்தான் மிகத் தூரம் பாயும் என்று படம் போட்டிருக்கும். எத்தனையோ கைடுகளில் பார்த்திருக்கிறேன். நானும் யோசிக்காமல் ஏரி அலகில் சேர்த்துவிட்டேன். கரையின் அடிப்பகுதி அகலத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் ஏது?

வகுப்பில் பாட்டிலை மேசை மேலேயே வைத்து, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே செய்தோம். மூன்று துளையும் சம இடைவெளியில். ஸ்கேல் வைத்து அளந்த பெண், "சார், நடுவுலதான் தூரமாப் போகுது" என்றாள். மறுபடி ஊற்றினோம். அதே கதை. நடுத்துளை நீர்தான் தூரத்தில் விழுந்தது. மேல்துளை நீரும் கீழ்த்துளை நீரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். எனக்கு வியர்த்துவிட்டது.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. கீழ்த்துளையில் நீர் அதிக வேகத்தோடுதான் வெளிவருகிறது. அழுத்தம் பற்றிய கருத்தில் தப்பே இல்லை. ஆனால் துளை மேசைக்கு மிக அருகில் இருப்பதால் தூரம் போக அதற்கு நேரமே கிடைப்பதில்லை, உடனே மேசையைத் தொட்டுவிடுகிறது. மேல்துளை நீருக்கு விழ நேரம் நிறைய, வேகம் குறைவு. இரண்டும் சரிக்குச் சரியாகி, நடுத்துளை ஜெயிக்கிறது. அதே பாட்டிலை ஸ்டூல் மேல் வைத்து நீரைத் தரையில் விழவிட்டால் கீழ்த்துளை நீர் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். மறுநாள் அதையும் செய்தோம். இரண்டு வகுப்பில் முடிய வேண்டியது நான்கு வகுப்பு ஆனது. அந்த அலகில் பிள்ளைகள் இன்றைக்கும் நினைவில் வைத்திருப்பது அதைத்தான்.

ஒவ்வொரு செய்முறையையும், ஒவ்வொரு கணக்கையும், ஒவ்வொரு வெளிப்பயணத்தையும் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் யாராவது ஒருவர் நம் பள்ளியில் கிடைக்கிற பொருளை வைத்துச் செய்து பார்த்திருக்க வேண்டும். நுண்ணோக்கி ஒன்றுதான், பிள்ளைகள் 38 பேர் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலே ஒரு பாடவேளை போய்விடும். அந்தக் கணக்கும் இதில் சேர்த்திதான்.

விடுவதற்கும் காரணம் எழுதுங்கள்

சேர்ப்பதற்குக் காரணம் கேட்கிறோம். விடுவதற்கு யாரும் கேட்பதில்லை. 2023இல் வந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமம் பற்றிய பகுதியும் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். இரண்டும் மேல்நிலை வகுப்புகளில் வருகின்றனவே என்றும் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சுமையைக் குறைப்பதில் எனக்குச் சம்மதம்தான். ஆனால் பத்தாவதோடு அறிவியலை விட்டுவிட்டு வணிகவியலுக்கோ கலைப் பிரிவுக்கோ போகிற பிள்ளை, பரிணாமத்தைப் பள்ளியில் சந்திக்கவே மாட்டாள். மேல்நிலையில் வருகிறது என்ற பதில் அவளுக்கு உதவாது.

ஒன்றை எடுப்பதற்கு முன் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்தப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இது பிறகு எங்காவது வருமா? இதை எடுத்தால் மேலே கட்டியிருக்கிற வேறு எது சரியும்? இரண்டுக்கும் பதில் சாதகமாக இருந்தால் தயங்காமல் எடுத்துவிடலாம். பதிலைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அடுத்த வருடம் புதிதாக வரும் ஆசிரியர், "கடின நீர் ஏன் இல்லை?" என்று கேட்கும்போது மறுபடி முதலிலிருந்து சண்டை போட வேண்டாம்.

"போன புத்தகத்தில் இருந்தது" என்பதைச் சேர்ப்பதற்கான காரணமாக ஏற்கவே கூடாது. புத்தகப் பையின் கனம் பற்றி ஆராய இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993இல் தந்த அறிக்கை, முதுகில் சுமக்கும் கனத்தைவிடப் புரியாமல் சுமக்கும் கனமே மோசம் என்ற பொருளில் பேசியது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நாம் தராசைப் பைக்குத்தான் பிடிக்கிறோம்.

வரிசை

தேர்ந்தெடுத்ததை எந்த வரிசையில் வைப்பது என்பதில் ஒரு பாடத்துக்குள் அதிகம் தப்பு வராது. வேறு பாடத்தோடு சேரும் இடத்தில்தான் இடிக்கும். சமூக அறிவியலில் அட்சக்கோடு வந்துவிடும், கணக்கில் கோணமானியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். '13 டிகிரி வடக்கு' என்பதைப் பிள்ளைகள் தெர்மாமீட்டர் டிகிரி என்று நினைத்துக்கொள்வார்கள். அறிவியலில் அடர்த்திக்குத் தசமப் பின்னம் வேண்டும். கணக்கில் அது அடுத்த பருவத்தில் இருக்கும். எல்லாப் பாட ஆசிரியர்களும் தங்கள் அலகுகளைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரே தரையில் மாதவாரியாகப் பரப்பிவையுங்கள். அரைமணி நேரத்தில் பாதி மோதல் கண்ணில் பட்டுவிடும்.

ஒரே கருத்து வெவ்வேறு வகுப்பில் திரும்ப வருவது தவறில்லை. மூன்றாம் வகுப்பில் 'தண்ணீர் காய்ந்துபோகிறது', ஏழில் ஆவியாதல் எவ்வளவு என்று அளத்தல், பதினொன்றில் மூலக்கூறுகளின் ஆற்றல். சுருள் ஏணி மாதிரி அதே இடத்துக்கு மேலே வருவது. ஆனால் நிறையப் பாடத்திட்டங்களில் ஏணி மேலே போவதில்லை, அதே மாடியில் சுற்றிச் சுற்றி வருகிறது: ஐந்து வகுப்பிலும் அதே நீர்ச்சுழற்சிப் படம், அதே அம்புக்குறி.

வினாத்தாளையும் இப்போதே எழுதுங்கள்

அலகு இறுதியானதும் அதற்கான கேள்விகளை அன்றைக்கே எழுதிவிடுங்கள், தேர்வுக்கு முந்தின இரவுக்கு ஒத்திப்போட வேண்டாம். ஏரி அலகு முழுக்க அளந்தும் கேட்டும் நடத்திவிட்டு, தேர்வில் "ஏரி வாரியம் என்றால் என்ன?" என்று ஒரு மார்க் கேள்வி கேட்டால், எது உண்மையில் பாடம் என்று பிள்ளைகள் உடனே தெரிந்துகொள்வார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள். அடுத்த அலகிலிருந்து 'புக் பேக்' மட்டும் படித்தால் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். பெற்றோரும் அதைத்தான் கேட்பார்கள். கேள்வி எழுத முடியாத பாடப்பொருளை எடுத்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஏரிக்கரை நடையை எந்தக் கேள்வியாலும் அளக்க முடியாது. அதற்கு நாங்கள் பிள்ளைகளின் நோட்டில் இருக்கும் படத்தையும் குறிப்பையும் பார்த்து மதிப்பெண் போட்டோம்.

பென்சில்

முதல் வருடப் பட்டியலை அச்சடித்து லேமினேட் செய்யாதீர்கள். ஒரு நகலை ஆசிரியர் அறையில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு பென்சிலும் கட்டிவையுங்கள். நடத்தி முடித்தவர் அன்றைக்கே ஓரத்தில் எழுத வேண்டும்: எத்தனை பாடவேளை எடுத்தது, எங்கே பிள்ளைகள் விழித்தார்கள், எந்தப் பொருள் கிடைக்கவில்லை. மே மாதம் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது; எல்லாம் நன்றாகத்தான் போனது என்று தோன்றும்.

எங்கள் இரண்டாம் வருடப் பட்டியலில் பத்து அலகு. மார்ச் முதல் வாரத்தில் முடிந்துவிட்டது. ஏரி அலகின் ஓரத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "14 போட்டோம், 19 ஆனது. பாட்டில் சோதனைக்கு ஸ்டூல் அவசியம். கலங்கலில் தண்ணீர் வழிவதைப் பார்க்க நவம்பர் கடைசிதான் சரி. ஜூலையில் கூட்டிப்போனோம், ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது."